அரைமில்லி அக்காவும் முந்நூற்றுப் பதினாறு தாள்களும்

அந்த அச்சகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. முகத்துக்கு முன்னால் அக்கா, முதுகுக்குப் பின்னால் அரைமில்லி. எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே கொண்டுபோய், "இடது பக்கம் அரை மில்லி தள்ளியிருக்கு" என்பாள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். கால் மில்லி தள்ளியிருந்தால் நமக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், ஆனால் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

வீட்டிலும் இதே கதைதான். சுவரில் மாட்டிய படங்கள், மேஜை விரிப்பு, கதவுத் திரை, ஒன்றும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் புருஷன், வீட்டுக்கு யார் வந்தாலும் கல்யாணப் படத்தைக் காட்டி ஒரே வசனத்தைத்தான் சொல்வார். "பொண்ணு பாக்கப் போனப்ப என்னை அளந்து பாக்காம விட்டுட்டா. அந்தக் கோபத்தை இன்னிக்கு வரைக்கும் திரைச்சீலை மேல காட்டுறா." மகள் இன்னும் ஒரு படி மேலே. வீட்டுப்பாட நோட்டை அம்மாவிடம் காட்டும்போதே, "மார்ஜினைப் பாக்காதீங்க, விடையைப் பாருங்க" என்று சொல்லித்தான் நீட்டுவாள்.

கணினியில் பக்கம் கட்டுவது அவள் வேலை. வரியைச் சீராக்கி, ஓரம் விட்டு, தலைப்புப் போட்டு, திரையில் ஒரு பக்கத்தை அழகாக நிறுத்துவது அதில் பாதிதான். அந்தப் பக்கம் எந்தப் பிரிண்டர் வழியாக வெளியே வரப்போகிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி மாற்றிக் கொடுப்பது மீதிப் பாதி. ஒரே கோப்பை மூன்று பிரிண்டருக்கு அனுப்பினால் மூன்று விதமாக வரும். இது தெரியாதவர்கள்தான் உலகத்தில் அதிகம். அச்சக முதலாளியும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி.

மூன்று பிரிண்டர்களுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். லேசர் பிரிண்டர் அவசரக்காரன். சூடும் வேகமும் அதிகம், தாளின் ஓரத்தை மட்டும் தொடமாட்டான். ஊசியால் குத்திக் குத்தி அடிக்கும் பழைய பிரிண்டர் மரங்கொத்தி. மெல்லிய எழுத்தை அதனிடம் கொடுத்தால் புள்ளி புள்ளியாகத் துப்பிவிடும். மை தெளிக்கும் பிரிண்டர் அழுமூஞ்சி. கறுப்பைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுவிட்டால் போதும், எழுத்தின் சுழியெல்லாம் ஊறி அடைத்துவிடும். ஒவ்வொன்றின் குணத்தையும் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். "அழுமூஞ்சி, தடித்த தாள்: வலப்பக்கம் ஒன்றேகால் மில்லி இழுக்கும். கோப்பில் இடப்பக்கம் ஒன்றேகால் தள்ளு." எந்த மருமகளும் மாமியாரின் குணத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்திருக்க மாட்டாள்.

இந்த ஞானம் சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையைக் கட்டினாள். திரையில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அவசரக்காரன் அறுபது பக்கத்திலும் கடைசி வரியை விழுங்கிவிட்டான். சங்கத்தின் தலைவர் கூட்டத்தில் எழுந்து படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் வாக்கியம் அந்தரத்தில் நின்றது, சபை சிரித்தது. அன்று வாங்கிய ஏச்சில் அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள் ஒரு வெறும் தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு ஒவ்வொரு பிரிண்டரிலும் அடித்து, எது எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று அளக்க ஆரம்பித்தாள். "பாத்திரம் அறிஞ்சு பிச்சை போடணும்" என்பது அன்றிலிருந்து அவள் தாரக மந்திரம்.

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவள் கொழுந்தன். புருஷனின் தம்பி, அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவன். ஒரே குடும்பம் என்பதால் சண்டைக்கு இடைவேளை கிடையாது.

"அண்ணி, மெஷின் சரியா இருக்கு. உங்க ஃபைல்தான் கோணல்" என்பான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், தம்பி" என்பாள் இவள்.

இப்படிப் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, செவிலியர் கல்லூரியின் அலுவலக எழுத்தர் ஒரு தோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட மனிதர். நாற்காலி கொடுத்தார்கள், உட்கார்ந்தார், பையை மட்டும் கீழே வைக்கவில்லை. பட்டமளிப்பு மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு. முந்நூற்றுப் பதினாறு பெண்கள் பட்டம் வாங்கப்போகிறார்கள். பட்டத் தாள்கள் வெளியூர் அச்சகம் ஒன்றில் பொன்னிறக் கரை போட்டு, வரிசை எண் போட்டு, முந்தின வாரம்தான் வந்து சேர்ந்தன. பெயரை மட்டும் கல்லூரியிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

"அடிச்சீங்களா?" என்று கேட்டார் முதலாளி.

எழுத்தர் பையிலிருந்து நாலு தாள்களை எடுத்துக் காட்டினார். பொன்கரை உருகி, தாள் முழுக்கக் கோழி கிளறியதுபோல் இழுபட்டிருந்தது.

"லேசர்ல விட்டிருக்கீங்க" என்றாள் அக்கா. "சூட்டுல பொன்னு உருகிடுச்சு."

"உபரியா இருந்ததே இந்த நாலுதான், அம்மா. இப்ப முந்நூத்திப் பதினாறு பொண்ணுங்க, முந்நூத்திப் பதினாறு தாள். புதுசா அடிக்க ஒரு மாசம் ஆகும்னு சொல்லிட்டாங்க. கையால எழுதறதுக்கு விதி இடம் கொடுக்கல."

முதலாளி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒரு தாள் கெட்டால் ஒரு பெண் மேடையிலிருந்து வெறுங்கையோடு இறங்குவாள், ஊர் முழுக்க அச்சகத்தின் பெயர் நாறும், இந்த வம்பு நமக்கு எதற்கு என்பது அவர் கட்சி. அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அக்கா அதற்குள் கெட்டுப்போன தாள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அவள் கண்ணில் ஆசை தெரிந்தது.

"நான் செய்யறேன், முதலாளி."

"ஒண்ணு கெட்டாலும் அந்தப் பொண்ணு கிட்ட நீதான் போய்ச் சொல்லணும். நான் வரமாட்டேன்."

"சரி" என்றாள்.

அவசரக்காரன் உதவமாட்டான் என்பது கண்கூடு. மரங்கொத்தியில் வெறும் தாளில் ஒரு பெயரை அடித்துப் பார்த்தாள். பேருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. நாலு வருஷம் படித்த பெண்ணுக்கு அதை எந்த முகத்தோடு கொடுப்பது? மிச்சம் அழுமூஞ்சி. கெட்ட தாளின் பின்பக்கத்தில் ஒரு பெயரை அடித்தாள். பளபளப்பான தாள், மையைக் குடிக்கவே இல்லை. அரை மணி கழித்து விரலால் தொட்டபோதும் ஈரம் ஒட்டியது.

அவள் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தாள். நாலு நிற மையும் கலந்து வந்த கறுப்பை, கறுப்பு மை மட்டும் போதும் என்று மாற்றினாள். அதையும் எண்பது சதவீதத்துக்குக் குறைத்தாள். மை எப்படியும் கொஞ்சம் பரவும் என்பதால் எழுத்தை ஒரு சுற்று மெலிய வைத்தாள். திரையில் அந்தப் பெயர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தது போல இருந்தது. எழுத்தர் எட்டிப் பார்த்து, "இவ்வளவு ஒல்லியாவா?" என்று கவலைப்பட்டார்.

"திரையைப் பாக்காதீங்க சார். தாள்ல வந்ததும் உடம்பு வந்துடும்."

வந்தது. அளவான கறுப்பு, சுழிகள் எல்லாம் திறந்து தெளிவாக இருந்தன. கால் மணியில் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தும்விட்டது.

அடுத்து அவள் ஒரு நல்ல தாளை எடுத்து அளந்தாள். இன்னொன்றை அளந்தாள். மூன்றாவதை அளந்ததும் முகம் மாறியது. வெளியூர் அச்சகத்தில் தாள்களை வெட்டிய மகராசன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறான். ஒரு தாளில் ஓரத்திலிருந்து பொன்கரை பன்னிரண்டு மில்லி, அடுத்ததில் பத்தரை, அதற்கடுத்ததில் பதின்மூன்று. பெயர் விழவேண்டிய இடமோ பொன்கோடு போட்ட சின்னக் கட்டம். பிரிண்டருக்குத் தாளின் ஓரம்தான் தெரியும், கட்டம் தெரியாது. ஒரே அளவில் அடித்தால் நூறு பெயராவது கோட்டின் மேல் ஏறி உட்காரும்.

கொழுந்தன் உதட்டைப் பிதுக்கினான். "விட்டுடுங்க அண்ணி. தாளே கோணல். மெஷினை எத்தனை தடவைதான் திருப்புறது?"

"மெஷினைத் திருப்ப வேண்டாம் தம்பி. தாளுக்குத் தாள் ஃபைலைத் திருப்பிக்கலாம்."

பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தாளின் வரிசை எண் இருந்தது. அதன் பக்கத்தில் அவள் இரண்டு பத்தி புதிதாகச் சேர்த்தாள். இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு. அந்த அளவைப் படித்து அந்தந்தப் பெயரை அந்தந்த இடத்தில் நிறுத்தும்படி மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அழுமூஞ்சி வலப்பக்கம் இழுக்கும் ஒன்றேகால் மில்லியையும் மொத்தத்திலிருந்து கழித்தாள். இனி வேண்டியதெல்லாம் முந்நூற்றுப் பதினாறு தாளையும் அளப்பதுதான். கேட்கிறவனுக்குத் தலை சுற்றும். அவளுக்கு அது பிறந்த வீட்டுக்குப் போவது மாதிரி.

அவள் பூதக்கண்ணாடியும் இரும்பு அளவுகோலுமாக அளந்து சொல்ல, எழுத்தர் எழுதினார். "நாப்பத்தி ஒண்ணு. இடது பதினொண்ணரை, மேலே ஒன்பது." "நாப்பத்தி ரெண்டு. இடது பன்னெண்டே கால், மேலே ஒன்பதரை." நூறைத் தாண்டியபோது எழுத்தர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். இருநூறைத் தாண்டியபோது, "அம்மா, இது பன்னெண்டே கால் இல்ல, பன்னெண்டு மாதிரி இருக்கு" என்று அவரே திருத்த ஆரம்பித்தார். அக்கா மறுபடி அளந்தாள். பன்னிரண்டுதான். அந்த மனிதரை அவளுக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

பன்னிரண்டேகால் மணிக்கு முதல் தாள் உள்ளே போனது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தாள் வெளியே வந்தது. பெயர் பொன்கட்டத்தின் நட்டநடுவில், நாலு பக்கமும் சமமாக இடம் விட்டு, ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தது. எழுத்தர் அடுத்த தாளை எடுத்து நீட்டினார்.

ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொழுந்தன் அறை முழுக்கக் கயிறு கட்டி, தாள்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். கயிறு தீர்ந்ததும் மேஜை, அலமாரி, மாடிப்படி என்று பரப்பினான். முதலாளி தம் அறையிலிருந்து வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இரண்டரை மணிக்கு இருநூற்று ஏழு முடிந்தது. எல்லோருக்கும் பசி கண்ணை அடைத்தது. அக்கா எழுத்தரைக் கட்டாயப்படுத்திப் பக்கத்து அறைக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாள். பையை அவர் அப்போதும் விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

திரும்பி வந்து இருநூற்று எட்டாவது தாளை உள்ளே விட்டாள். வேலையை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போதெல்லாம் ஒரு வெறும் தாளில் அடித்துப் பார்ப்பது அவள் வழக்கம். இருநூற்று ஏழு தாள் சரியாக வந்த தைரியத்தில் அன்று அதைச் செய்யவில்லை. தைரியம் என்று நாம் சொல்கிறோம், திமிர் என்று பின்னால் அவளே சொன்னாள்.

தாள் வெளியே வந்தது. நீளமான பெயர், கட்டத்தை நிறைக்கும் பெயர். அதன் முதல் எழுத்து இடப்பக்கப் பொன்கோட்டின் மேல் ஏறி நின்றது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுத்தர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நாற்காலியைத் தேடினார். அப்போது கொழுந்தன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான்.

"அண்ணி, நீங்க சாப்பிடப் போனப்ப ஒரு நல்ல காரியம் பண்ணேன். அழுமூஞ்சி எப்பவும் வலது பக்கம் இழுக்குமில்ல? உள்ளே ஒரு அட்டைத் துண்டு வெச்சு இழுக்காம பண்ணிட்டேன். பதினஞ்சு வருஷமா நீங்க திட்டுற கோணல், இன்னிக்கு நிமிந்துடுச்சு."

பிரிண்டரின் கோணலுக்காக அவள் கோப்பை எதிர்ப்பக்கம் கோணலாக்கியிருந்தாள். அவன் பிரிண்டரையே நேராக்கிவிட்டான். இரண்டு பேரும் திருத்தியதில் தாள்தான் மாட்டிக்கொண்டது. பதினைந்து வருஷத்தில் வேறு எப்போது சரிசெய்திருந்தாலும் அவனுக்கு மாலை போட்டிருப்பாள், அவன் பார்த்து எடுத்த நேரம் இது. அவள் மேஜையில் கிடந்த தாளைக் காட்டியதும் அவன் முகத்தில் ரத்தம் வற்றியது.

"அண்ணி, நான் வந்து..."

"அப்புறம் பேசிக்கலாம். தாளைத் தொடாதே."

பதறாத காரியம் சிதறாது என்று யாருக்கும் சொல்லிவிடலாம். தான் பதறாமல் இருப்பது வேறு. அவள் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். காலையிலிருந்து அவளை அழவைத்த சங்கதி அப்போது நினைவுக்கு வந்தது. இந்தத் தாள் மையைக் குடிக்காது. அடித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மை மேலேயே ஈரமாக நிற்கும்.

கெட்ட தாளில் அவசரமாக ஒரு பெயரை அடித்தாள். சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரே இழுப்பில் துடைத்தாள். போய்விட்டது. தாள் வெள்ளையாக நின்றது. பிறகு இருநூற்று எட்டை விளக்கின் அடியில் வைத்தாள். பொன்கோட்டிலிருந்து உட்பக்கமாக, ஒரு எழுத்துக்கு ஒரு பஞ்சு, துடைத்த பஞ்சு மறுபடி தாளில் படாமல் துடைத்துக்கொண்டே போனாள். கோட்டின் மேல் ஏறியிருந்த முதல் எழுத்துக்கு மட்டும் பல்குத்தும் குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டாள். எழுத்தர் விளக்கைப் பிடித்தார். கடைசி எழுத்தும் போனபோது, அந்தக் கட்டம் காலையில் பையிலிருந்து வெளியே வந்ததுபோலவே இருந்தது. பொன்கோட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

கொழுந்தன் அட்டைத் துண்டை எடுத்தான். இந்த முறை அவள் வெறும் தாளில் ஒன்றுக்கு மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். பிறகு இருநூற்று எட்டு மறுபடி உள்ளே போனது, நடுவில் உட்கார்ந்து வெளியே வந்தது.

"இனிமே எதையாவது நிமித்தணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்றாள்.

"இனிமே நான் எதையுமே நிமித்தமாட்டேன் அண்ணி" என்றான் அவன். எழுத்தர் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

ஐந்து மணிக்கு முன்பே முந்நூற்றுப் பதினாறும் முடிந்தது. மறுநாள் காலை கல்லூரிப் பதிவாளர் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். எழுத்தர் பொய் சொல்லத் தெரியாதவர். "மேடம், இதுல ஒரு தாள்ல பேரைத் துடைச்சு மறுபடி அடிச்சிருக்கு" என்று போட்டு உடைத்துவிட்டார். அக்காவுக்குத் திக்கென்றது. பதிவாளர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். எது என்று கேட்கவில்லை, தாமே கண்டுபிடிப்பதாகச் சொன்னார். முந்நூற்றுப் பதினாறையும் மறுபடி சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து ஒன்றை உருவி மேஜையில் வைத்தார்.

"இதுதானே?"

அது தொண்ணூற்று ஒன்று. கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியும் தோள் குலுங்கியது.

"சாயங்காலம் நீங்களும் வாங்க" என்றார் பதிவாளர் அம்மாள். "முன்வரிசையில இடம் போடச் சொல்றேன்."

புருஷன், மகள், கொழுந்தன் என்று குடும்பமே போனது. நாமும் வருவோமே என்று முதலாளியும் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா முன்வரிசையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேடையில் ஏறும் பெண்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மகள் ஏதோ கேட்டதற்குக் கையமர்த்தினாள். இருநூற்று எட்டாவது பெண் நெடுநெடுவென்று உயரமாக இருந்தாள். பட்டத்தை வாங்கியதும் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் கூட்டத்தில் யாருக்கோ காட்டினாள். அக்காவுக்குக் கண் நிறைந்து அடுத்த இரண்டு பெண்களை எண்ண முடியவில்லை, மகளிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டாள்.

முந்நூற்றுப் பதினாறாவது பெண் பட்டத்தோடு படியில் இறங்கினாள். மேடைக்குக் கீழே தன் பெயரைக் கூப்பிடக் காத்து நின்றவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. அக்கா அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.